சூடு எங்கே போனது?

பட்டறை வேலைக்குப் போக இங்கே பயிற்சி பெறும் உங்களில் சிலர் என்னைப் பற்றி ஒரு கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். நூல் சாயப் பட்டறையில் ஒரு மதியம் ரங்கசாமி அண்ணன் சந்தேகப்பட்டு ஒரு வால்வைக் கால்வாசித் திருப்புத் திறந்து பார்த்தார், அதனால் ஓர் ஆள் உயிர் பிழைத்தான் என்று. வால்வைத் திறந்தது நான்தான். ஆள் பிழைத்ததும் உண்மை. சந்தேகப்பட்டேன் என்பது மட்டும் பொய். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. இனி யாரும் என்னிடமிருந்து எந்தச் சாவியையும் திரும்ப வாங்க வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

பாய்லரை எப்படிப் பார்த்துக்கொள்வது, பம்ப்பை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு இங்கேயே பழகிவிடும். எனக்கு அவை இருபத்தைந்து வயதுக்குள் பழகிவிட்டன. பழகாத ஒன்று, பக்கத்தில் இருப்பவர் என்னைவிடக் கெட்டிக்காரராக இருக்கும்போது எப்படி இருப்பது என்பது.

எனக்குக் கையால் பெயர். பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து, குழாயைத் தொட்டுப் பார்த்தே அறுபது, ஐம்பத்தைந்து என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை முதலாளி பட்டறையைச் சுற்றிக் காட்டும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு குழாயைத் தொடச் சொல்வார். நான் சொன்ன எண்ணும் கருவி காட்டும் எண்ணும் ஒன்றாக இருந்தால் அவர்கள் கை தட்டுவார்கள். "எங்க அண்ணன் கையே தெர்மாமீட்டருங்க" என்று முதலாளி தமிழிலேயே சொல்வார். முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து நான் அங்கே இருந்தேன்.

எஸ்தர் அங்கே லேப் இன்சார்ஜாக வந்தபோது முப்பது வயது இருக்கலாம். எனக்கு நாற்பத்தெட்டு. சோமனூர்ப் பக்கத்துப் பெண். அப்பா விசைத்தறி ஓட்டியவர். கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, சாயத் தொழிலுக்கென்று தனியாக ஒரு டிப்ளமோவும் முடித்திருந்தாள். சத்தம் போட்டுப் பேச மாட்டாள். ஒரு பதில் சரியில்லை என்றால் அதே கேள்வியை அதே மரியாதையோடு இன்னொரு தடவை கேட்பாள். முதல் வாரமே அது எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் வந்த வருஷம் தை மாதத்தில் ஒரு தொல்லை. காலையில் ஏறும் முதல் லாட் நூல் மட்டும் நிறம் வெளிறி வந்தது. பாய்லர் பக்கமிருந்து வரும் வெந்நீர், சாயம் ஏற்றும் வெசலுக்கு வந்து சேரும்போது எட்டு டிகிரி குறைந்திருந்தது. வடக்குப் பக்கம் ஷட்டர் வழியாகக் குளிர் உள்ளே வந்து தண்ணீரில் இறங்குகிறது என்று நான் முடிவு செய்தேன். ஷட்டரை இழுத்து மூடி, இடைவெளிக்குப் படுதா கட்டினேன். மறுநாளும் நிறம் வெளிறித்தான் வந்தது. முதலாளி வந்து நின்றார். இன்னும் தடிமனான படுதா வேண்டும் என்றேன்.

எஸ்தர் தயங்கித் தயங்கித்தான் பேசினாள். "அண்ணா, குளிருன்னு ஒண்ணு உள்ள வர்றதில்லீங்க. இருக்கறது சூடு மட்டுந்தான். அது வெளிய போறதைத்தான் நாம குளிருங்கறோம்."

"அப்ப மார்கழியில பல்லு கிட்டுறது எதுக்காமா, அம்மிணி?"

"நம்ம ஒடம்புச் சூடு வெரசா வெளிய போகுதுங்க, அதான். போர்வை நமக்குச் சூடு குடுக்கறதில்லீங்க. நம்ம சூட்டைப் போக உடாமப் புடிச்சு வெக்குது. காத்து அடிச்சா இன்னும் சீக்கிரம் போகும், அது நெசந்தான். ஆனா படுதாவை ஷட்டருக்குக் கட்டறதுக்குப் பதிலாக் குழாய்க்குக் கட்டுனா நல்லதுங்க."

முதலாளி வெடித்துச் சிரித்தார். "ஏனுங்கண்ணா, நாம ஊட்டுச் சுவத்துக்குப் போர்வையைப் போத்திட்டு வெறும் ஒடம்போட படுத்திருந்தோமாட்ட இருக்குதே!"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரம் வெந்நீர்க் குழாய் நெடுக வெப்பம் காக்கும் பஞ்சு சுற்றி, மேலே தகடு போர்த்தினோம். நிறம் சரியாக வந்தது. அதன்பிறகு முதலாளி எதற்கெடுத்தாலும், "எஸ்தரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்களா?" என்று ஆரம்பித்தார். முன்பு அந்த இடத்தில் என் பெயர் இருந்தது. பஞ்சு சுற்றியது என் ஆட்கள், நின்று வேலை வாங்கியது நான் என்பது யாருக்கும் நினைவில்லை. எனக்கு இருந்தது. சுற்றிய ஒவ்வொரு அடியும் நினைவில் இருந்தது.

அடுத்தது என் கை. அதை அவள் வேண்டுமென்றே செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. ஒரு நாள் காலை லேபுக்குப் போனேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. எவர்சில்வர் மேஜையில் கையை வைத்து, "மேஜை சில்லுன்னு கெடக்குது. மேல மடிச்சு வெச்சிருக்கற துணி வெதுவெதுப்பா இருக்குது பாரு. ரெண்டுக்கும் நாலு டிகிரியாச்சும் வித்தியாசம் இருக்கும்" என்றேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். அவள் கருவியை எடுத்து மேஜையில் ஒட்டினாள். இருபத்து நான்கு. துணி மடிப்புக்குள் சொருகினாள். இருபத்து நான்கு.

"ரெண்டும் ராத்திரி பூரா ஒரே ரூமுல இருந்ததுங்க அண்ணா. அதனால ஒரே சூடுதான். இரும்பு நம்ம கைச் சூட்டை வெரசா இழுத்துக்குது, துணி மெதுவா இழுக்குது. கைக்குத் தெரியறது அந்த வேகந்தானுங்க. எத்தனை டிகிரின்னு கைக்குத் தெரியாது."

லேபில் இரண்டு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. ஆனால் எனக்கு ஊரே நின்று பார்த்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் என் எண் சரியாக வந்ததற்குக் காரணம், நான் தொட்டதெல்லாம் ஒரே மாதிரி இரும்புக் குழாய் என்பதுதான். அது என் கையின் மகிமை இல்லை, வெறும் பழக்கம். அவள் அதைச் சொல்லவில்லை. நானாகவே யோசித்துக் கண்டுபிடித்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்றைக்கு என் வீட்டுக்குப் போனதும் சமையலறையில் நின்று பித்தளை அண்டாவைத் தொட்டேன், மரப்பலகையைத் தொட்டேன், அரிசி மூட்டையைத் தொட்டேன். என் மனைவி கரண்டியோடு நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, ஊட்டுச் சாமானெல்லாம் புதுசாப் பாக்கறாப்புல தடவிக்கிட்டு இருக்கறீங்க?"

"இதுல எது சில்லுன்னு இருக்குதுன்னு சொல்லு பாக்கலாம்."

"அண்டாதான். அதுக்கென்ன இப்ப?"

"இல்லியாமா. எல்லாம் ஒண்ணுதானாமா."

"யாரு சொன்னா?"

பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. மகளுடைய பழைய பள்ளிப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கி, வெப்பம் பற்றிய பாடத்தை ஒளித்து ஒளித்துப் படித்தேன். அறிந்துகொள்ளும் ஆசையால் அல்ல. அவள் சொன்னதில் ஒரு தப்பாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. புத்தகத்தில் அவள் சொன்னதுதான் இருந்தது, அவள் சொன்ன அளவுக்குத் தெளிவாக இல்லாமல்.

பொறாமை என்றால் சண்டை போடுவது, புறம் பேசுவது என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் அதெல்லாம் செய்யவில்லை. காலையில் வணக்கம் வைத்தேன். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது விசாரித்தேன். நான் செய்தது வேறு. அவள் எழுதியதை மட்டும் கொஞ்சம் தாமதமாகப் படித்தேன்.

ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. கோளாறு பார்ப்பவர் அதில் எழுதுவார், பராமரிப்பில் நான் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். நான்காம் நம்பர் வெசலின் புத்தகத்தில் எஸ்தரின் சின்னக் கையெழுத்தில் ஒரு வரி வந்தது. பிரஷர் கேஜின் முள் அசையவில்லை, பார்க்கவும். பத்து நாள் கழித்து இரண்டாவது தடவை. பிறகு மூன்றாவது தடவை. வேறு யார் எழுதியிருந்தாலும் அன்றைக்கே ஆளை அனுப்பியிருப்பேன். லேபில் இருப்பவளுக்கு அழுத்தம் காட்டும் என் கேஜில் என்ன வேலை என்று மூன்று முறையும் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

வெசல் என்றால் என்னவென்று, இன்னும் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் நூலைக் கோன் கோனாக உள்ளே அடுக்கி, சாயத் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, நூற்று முப்பது டிகிரி வரை கொண்டுபோவோம். அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் அந்தச் சூட்டிலும் கொதிக்காமல் நிற்கும். ஒரு பம்ப் அந்தத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும், வெசலுக்கு வெளியே இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகச் சாயத் தண்ணீர் ஒரு பக்கமும் குளிர்ந்த பச்சைத் தண்ணீர் மறுபக்கமும் ஓடும். ஒன்றோடொன்று கலக்காது, சூடு மட்டும் கை மாறும். எண்பதுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் மூடியைத் திறக்கலாம். உள்ளே நூற்றிருபது இருக்கும்போது மூடி திறந்துகொண்டால், அவ்வளவு தண்ணீரும் ஒரு நொடியில் பொங்கி வெளியே வரும். மூடியைத் திறக்க மேடையில் நிற்பவன் மிஞ்ச மாட்டான்.

அவள் வந்து இரண்டு வருஷமான பிறகு ஒரு பங்குனி மாதம், மதியம் இரண்டரை மணி. ஊருக்குள் ஒரு பனியன் கம்பெனியில் கருநீலத் தையல் நூல் இல்லாமல் இரண்டு லைன் நின்றுவிட்டது. தைக்க வேண்டிய துணி வெட்டித் தயாராக இருக்கிறது, நூல் எங்கள் நான்காம் நம்பர் வெசலுக்குள் இருக்கிறது. முதலாளி மூன்று முறை போன் செய்துவிட்டார்.

சூடு இறக்க ஆரம்பித்தோம். வழக்கமாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைக்கு எட்டே நிமிஷத்தில் திரையில் எழுபத்திரண்டு காட்டியது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏனென்றால் முந்தின வாரம்தான் அந்த ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பிரித்து, படிந்திருந்த சுண்ணாம்பையெல்லாம் சுரண்டிக் கழுவி மாட்டியிருந்தேன். நாலாவது முறை போன் வந்தபோது, "எட்டு நிமிஷத்துல எறங்கிருச்சுங்க. போன வாரம் கழுவுனமுங்கல்ல, அதோட பலனுங்க" என்றேன். "பலே, பலே" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் குரலில் அந்தப் பழைய சந்தோஷம் எனக்காக வந்தது.

மேடையில் பிகாஷ் நின்றான். ஒடிசாக்காரன். ஆறு வருஷத்தில் எங்களைவிட நன்றாக 'ங்க' போட்டுப் பேசுவான். அவன் மனைவி அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தாள், இரண்டு மாதக் குழந்தையோடு. மூடியின் கைச்சக்கரத்தில் கை வைத்து, "அண்ணா, தொறக்கட்டுங்களா?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் வந்தாள். சாம்பிள் நூல் வாங்க வந்தவள். திரையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பின்பக்கம் போனாள். எக்ஸ்சேஞ்சரிலிருந்து திரும்பும் பச்சைத் தண்ணீர் அங்கே ஒரு தொட்டியில் விழும். கை ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"அண்ணா, தொறக்க வேண்டாமுங்க. திரும்பி வர்ற தண்ணி சூடே இல்லீங்க. எப்படி உள்ள போகுதோ அப்படியே வெளிய வருது."

"வெசலே ஆறிப்போச்சு அம்மிணி. அப்புறம் தண்ணியில சூடு எப்படி இருக்கும்?"

"அப்படின்னா இந்த எட்டு நிமிசத்துல அத்தனை சூடும் தொட்டிக்குப் போயிருக்கணுமுங்க. தொட்டியில கை வெக்க முடியாம இருக்கணும். தொட்டியும் சில்லுன்னுதான் இருக்குது. சூடு சும்மா காணாமப் போகாதுங்க அண்ணா. அது எங்கியாச்சும் போயித்தான் ஆகணும். தொட்டிக்குப் போகலீன்னா எங்க போச்சுங்க?"

அவள் கேட்ட கேள்வி சரி என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனக்குப் புரியாமல் இல்லை. மகளின் புத்தகத்தில் நான் ஒளித்துப் படித்ததும் அதைத்தான் சொன்னது. ஆனால் முதலாளி ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் என்னைப் பலே என்றிருந்தார். அதைப் பிடுங்க வந்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"கேஜைப் பாரு. முள்ளு பூஜ்யத்துல நிக்குது. பம்ப்பு பச்சை லைட்டு எரியுது. திரையில எழுவத்திரெண்டு. இத்தனையும் பொய்யி, நீ கையில புடிச்ச தண்ணி மட்டும் நெசமா?"

கேஜ் என்று சொன்னபோது அவள் என்னைப் பார்த்தாள். மூன்று முறை எழுதினேனே என்று கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் படி ஏறி, வெசலின் மேல் கையை வைத்து உடனே எடுத்தேன். சுட்டது. ஆனால் எண்பதும் சுடும், நூற்றிருபதும் சுடும். அறுபதுக்கு மேல் கைக்கு எல்லாம் ஒன்றுதான், சுரீரென்று இழுத்துக்கொள்ள மட்டும்தான் அதற்குத் தெரியும். அப்படியும் நான் திரும்பி, "எப்பவும் போலத்தான் இருக்குது" என்றேன்.

எங்கள் விதிப்படி முதலில் ஆவியை வெளியே விடும் வென்ட் வால்வைத் திறந்து உள்ளே அழுத்தம் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைத் தொட வேண்டும். கேஜ் பூஜ்யம் காட்டினால் வென்ட்டை விட்டுவிட்டு நேராக மூடிக்குப் போவது எங்கள் பழக்கம். அவசரத்துக்கு என்று அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான். பிகாஷ் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கை சக்கரத்திலேயே இருந்தது. கீழே போன் மறுபடி அடித்தது.

எஸ்தர் ஒரு படி மேலே வந்தாள். குரல் மட்டும் மாறியிருந்தது.

"சரிங்க அண்ணா. வென்ட்டைக் கால் திருப்பு மட்டும் தொறந்து பாருங்க. ஒண்ணும் வரலீன்னா நான் சொன்னது தப்பு. நாளையில இருந்து இந்தப் பட்டறைக்கு நான் வர மாட்டேன். லெட்டரை இப்பவே எழுதி உங்க கையில குடுத்துடறேனுங்க."

என் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பிகாஷின் முகம் வரவில்லை. அவன் குழந்தை வரவில்லை. நாளைக் காலை லேப் வாசல் எப்படி இருக்கும் என்பதுதான் வந்தது. அவள் இல்லாத லேப். முதலாளி வந்து, "ஏனுங்கண்ணா, இதை என்ன பண்ணலாம்?" என்று என்னைக் கேட்பது. வாயில் எச்சில் ஊறியது என்றுகூடச் சொல்வேன். கால் திருப்புத் திறந்தால் போதும், ஒரு நிமிஷ வேலை, அவள் போய்விடுவாள்.

"பிகாசு, இரு" என்றேன். மேடையைச் சுற்றிப் போய் வென்ட் வால்வைக் கால் திருப்புத் திருப்பினேன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. வெளியே கூரைக்கு மேல் போகும் குழாய் அலறியது. மேடை அதிர்ந்தது. குழாயின் இணைப்பு ஒன்றிலிருந்து நீராவி வெள்ளையாக, நேர்கோடாகச் சீறி எதிர்ச் சுவரைத் தொட்டது. பிகாஷ் ஏணியைத் தொடாமலே கீழே குதித்தான். எல்லா மிஷின்காரர்களும் ஓடினார்கள். நான் வால்வைப் பிடித்தபடியே நின்றேன். தைரியத்தால் அல்ல, கை எடுக்க வரவில்லை. கீழே எஸ்தர் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தாள்.

அழுத்தம் முழுவதும் இறங்க நெடுநேரம் ஆனது. பிறகு பிரித்துப் பார்த்ததில் எல்லாம் தெரிந்தது. பம்ப்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு முறிந்திருந்தது. மோட்டார் வெறுமனே ஓடியது, அதனால் பச்சை விளக்கு எரிந்தது. சாயத் தண்ணீர் சுற்றவே இல்லை. எக்ஸ்சேஞ்சருக்குள் தேங்கி நின்ற கொஞ்சம் தண்ணீர் மட்டும் ஆறியது, சூடு அளக்கும் முனையும் அங்கேதான் இருந்தது. திரை அந்தக் கொஞ்சத்தின் சூட்டைத்தான் காட்டியது. வெசலுக்குள் இருந்த சூடு எங்கேயும் போகவில்லை. கேஜுக்குப் போகும் மெல்லிய குழாய் அழுக்கேறி அடைத்திருந்தது. அழுத்தம் இருந்தால் மூடியைத் திருப்ப விடாமல் தடுக்கும் ஊசிக்கும் அதே குழாய்தான். அதனால் அந்த ஊசியும் எழும்பவில்லை. மூன்று தடவை எழுதப்பட்ட அந்த ஒரு வரியை நான் பொருட்படுத்தியிருந்தால், குழாயைக் கழற்றி ஊதுவது பத்து நிமிஷ வேலை.

முதலாளி வந்து சேர்ந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணா, நீங்க வென்ட்டைத் தொறந்து பாக்கலீன்னா என்னாயிருக்கும்! அனுபவம்னா இதானுங்க."

"மனசுக்குள்ள ஒரு சந்தேகம் வந்துச்சுங்க. அதான் பாத்தேன்" என்றேன்.

எஸ்தர் பத்தடி தள்ளிப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு எழுதி முடித்துவிட்டு லேபுக்குப் போனாள்.

அந்த லாட் திட்டுத் திட்டாக நிறம் பிடித்துப் போய்விட்டது. மறுபடி சாயமேற்றி, மறுநாள் மதியம்தான் நூல் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிகாஷ் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டவன்தான் அவன். எஸ்தருக்கும் ஸ்வீட் பாக்கெட் கொடுத்திருந்தான். ஆனாலும் வால்வைத் திருப்பிய கைதான் அவன் கண்ணில் நின்றது. அவன் மனைவி குனிந்து என் காலைத் தொட்டாள். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். என் மனைவி பெருமையோடு காப்பி போட உள்ளே போனாள். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அப்போது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷக் கண்ணீர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் எழுதியதையெல்லாம் அன்றன்றே பார்த்தேன். அதை நல்ல குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பயம். பொறாமை போகவில்லை. ஒரு வருஷம் கழித்து ஒரு பெரிய ஆலையில் அவளை மேலாளராகக் கூப்பிட்டார்கள். கடைசி நாள் கேக் வெட்டினோம். மதியத்துக்கு மேல் தனியாக லேபுக்குப் போனேன். தன்னுடைய கண்ணாடிக் குவளைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, ஒண்ணு சொல்லோணும். அன்னிக்கு நான் வால்வைத் தொறந்தது உம்பட பேச்சை நம்பி இல்ல."

"தெரியுமுங்க அண்ணா."

"நீ வேலையை உட்டுப் போயிருவீன்னு ஆசைப்பட்டுத் தொறந்தேன்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு குவளையைச் சுற்றி முடித்து, அடுத்ததை எடுத்தாள். "அதுக்குத்தானுங்க அப்படிச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "பிகாசு கையி சக்கரத்து மேல இருந்துச்சுங்க. சூடு, தொட்டி, தண்ணின்னு நான் இன்னும் பேசிக்கிட்டே இருந்தா நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சு. எதைச் சொன்னா நீங்க அந்த வால்வுகிட்டப் போவீங்கன்னு யோசிச்சேன். நான் போறேன்னு சொன்னாப் போவீங்கன்னு தோணுச்சு. அதைச் சொன்னேன்."

"எனக்கு உம்மேல இருந்தது உனக்குத் தெரியுமா?"

"மூணு வருசமா ஒரே பட்டறையில இருக்கறமுங்க."

அடுத்த குவளையை எடுத்துக் கொடுத்தேன். "கோவம் இல்லியா?"

"என்னைப் புடிக்கலீங்கறதுக்கு இல்லீங்க. கேஜைப் பத்தி எழுதுனதைப் பாக்காம உட்டீங்கல்ல, அதுக்கு இருந்துச்சு. அதுக்கு மட்டும் இன்னிக்கும் இருக்குதுங்க."

சொல்லிவிட்டுப் பெட்டியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு பேருமாகத் தூக்கி வாசல் வரை கொண்டுபோய் வைத்தோம்.

வீட்டுக்குப் போகும்போது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன் அடிக்கிறது, ஒருவன் கை மூடியில் இருக்கிறது, எதிரில் ஒருவன் முறைக்கிறான். அந்த நிலையில் அவளுக்கு அவளைப் பற்றிய நினைப்பே இல்லாமல், என்னை எப்படி நகர்த்துவது என்று யோசிக்க முடிந்திருக்கிறது. இயற்பியலைப் படித்துக்கொள்ளலாம், நான் படித்தேன். இதை எந்தப் பரணிலிருந்து இறக்குவது என்று தெரியாமல் அவள் மேல் முன்னைவிட அதிகமாகப் பொறாமைப்பட்டேன்.

பொறாமைப்படாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. என்னால் முடியாததை உங்களிடம் கேட்பது நியாயமில்லை. உங்கள் பக்கத்து மேஜையில் ஓர் எஸ்தர் வந்து உட்காருவார், உங்களுக்கு எரியும். எரியட்டும். பதிவுப் புத்தகத்தில் அவர் எழுதியதை மட்டும் அன்றைக்கே படித்துவிடுங்கள். கையெழுத்தைப் பார்க்காமல், எழுதியிருப்பதைப் பாருங்கள்.

அவள் போன மறுநாள் நான் முதலாளியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேஜ், மூன்று வரிகள், நான் ஆசைப்பட்டது, அவள் வேலையைப் பணயம் வைத்தது. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"அண்ணா, அந்தப் புள்ளை போறப்பக்கூட அதுக்கு ஒரு பேரு வாங்கிக் குடுக்கப் பாக்கறீங்க பாருங்க. இந்தத் தன்னடக்கம் வேற யாருக்குங்க வரும்?"

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அவர் சிரித்தார். அன்றிலிருந்து அந்தக் கதை இன்னும் பெரிதாகிவிட்டது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவரே அதைச் சொல்கிறார், உங்களில் சிலருக்கும் சொல்லியிருப்பார்.

அவர் நம்பவில்லை. நீங்கள் நம்புங்கள்.